அழித்தால் படித்தாயிற்று என்று அர்த்தம்

1

இந்த ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாளோ, வேலையில் பத்து வருட நிறைவோ, விசேஷம் யாருக்கோ அவரே கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பத்து வருடம் உழைத்ததும் நான்தான், கேக்கை மடியில் வைத்து ரயிலில் ஆடாமல் அசையாமல் கொண்டுபோனதும் நான்தான். நம்மூரில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

ஆபீஸில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று திருவள்ளூரில் சொந்தக்காரர்கள் கேட்டால், "துப்புரவு வேலை" என்பேன். பொய் இல்லை. எங்கள் கம்பெனி இரும்புத் தகட்டை அடித்து வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிறது. பல நாடுகளில் ஆலைகள், அதில் ஒன்று நம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். எல்லா ஊர் ஆட்களும் ஒரே மென்பொருளில்தான் பேசிக்கொள்கிறார்கள், கோப்புகளை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வேலைக்கு நாலு பேர் சேர்ந்தால் அதற்குள் ஒரு 'குழு அறை' திறந்துகொள்ளலாம். திறக்க ஐந்து நிமிஷம் போதும். மூடத்தான் யாருக்கும் மனசு வராது. வேலை முடியும், ஆட்கள் கலைவார்கள், அறை மட்டும் விளக்கெரிந்தபடி கிடக்கும். யாருடையது, உள்ளே என்ன இருக்கிறது, எதுவும் தெரியாது. நான் வந்தபோது அப்படி ஒரு காடே இருந்தது.

அதற்கு விதிகள் எழுதியது நான். ஒவ்வோர் அறைக்கும் பொறுப்பாளர் வேண்டும். அறையின் பெயர் நாடு, ஆலை, பிரிவு, எண் என்ற வரிசையில் குறியீடாக இருக்க வேண்டும். நூற்று எண்பது நாள் புதிதாக யாரும் ஒன்றும் எழுதாவிட்டால், "இந்த அறை இன்னும் தேவையா? ஆம், இல்லை" என்று பொறுப்பாளருக்குத் தானாக மின்னஞ்சல் போகும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அறை குப்பைத்தொட்டிக்குப் போகும். தொட்டியில் இன்னொரு முப்பது நாள். அதற்கப்புறம் யார் அழுதாலும் திரும்ப வராது. பாதிக்கு மேல் அறைகளை இப்படி ஒழித்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

மேலாளர் உல்ரிகே கேக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, "பானு வந்த பிறகுதான் நம் வீடு சுத்தமானது" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஸ்டெல்லாக்கா.

2

ஸ்டெல்லாக்காவைச் சொல்லிவிட வேண்டும். நானும் ஒரு காலத்தில் அந்தக் கும்மிடிப்பூண்டி ஆலையில்தான் இருந்தேன், தரச்சோதனைப் பிரிவில். திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறினால் பெரியபாளையம் தாண்டி, கவரைப்பேட்டையில் அவள் ஏறுவாள். ஜன்னல் ஓரம் எனக்கு, பக்கத்து இடம் அவளுக்கு. ஏறியதும் என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாடி, இன்னிக்கும் எலுமிச்ச சோறா? உங்க ஊட்டாண்ட வேற மரமே கெடையாதா?" என்பாள். அப்புறம் பாதியைத் தின்றுவிடுவாள்.

அவள் அம்மாவும் அப்பாவும் மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலத்தின் மேல்தான் இன்று ஷெட்டுகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, தகடு அடிக்கும் பிரஸ் பிரிவுக்கு வந்து, மெஷின் ஓட்டி, கடைசியில் ஏ ஷிஃப்டுக்குப் பொறுப்பாக வந்தாள். பிரஸ் பிரிவில் ஒரு பெண் ஷிஃப்ட் பார்ப்பது அப்போது சாதாரணம் இல்லை. முதல் மாதம் யாரோ அவள் நாற்காலியை ஒளித்து வைத்தார்கள். அவள் தேடவே இல்லை. எட்டு மணி நேரமும் நின்றாள், மறுநாளும் நின்றாள். மூன்றாம் நாள் நாற்காலி தானாக வந்துவிட்டது.

பிரஸ் பிரிவின் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. ஒரு ஷிஃப்ட் முடித்துப் போகிறவர்கள் அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்ல வேண்டியதை அதில் எழுதுவார்கள். எந்த மெஷினில் எண்ணெய் ஒழுகுகிறது, யார் லீவு, எந்த அச்சை மாற்ற வேண்டும். வருகிற ஷிஃப்ட் பொறுப்பாளர் நின்று படித்து, துணியால் அழித்துவிட்டு, தன்னுடையதை எழுத ஆரம்பிப்பார். கையெழுத்து, முத்திரை எதுவும் கிடையாது. அழித்தால் படித்தாயிற்று என்று அர்த்தம். படிக்காமல் அழித்த ஆளை நான் அங்கே பார்த்ததில்லை.

நான் ஜெர்மனி கிளம்புவதற்கு முந்தின மாதம்தான் மென்பொருள் ஆலைக்கு வந்தது. பலகையை எடுத்துவிட்டு அதற்கும் ஓர் அறை திறந்தார்கள். தொழிலாளிகளுக்குக் கம்பெனி மின்னஞ்சல் கிடையாது என்பதால், பொறுப்பாளர் மேஜையில் சங்கிலி போட்ட ஒரு போன் வைத்து, 'பிரஸ் ஷாப்' என்ற ஒரே பெயரில் மூன்று ஷிஃப்டும் எழுத ஏற்பாடு. அதெல்லாம் செய்து கொடுத்துவிட்டு நான் விமானம் ஏறினேன். அதை அப்போதே மறந்தும் போனேன்.

3

கேக் தட்டோடு ஜன்னல் பக்கம் போய் போனை எடுத்தேன்.

"பானு, நம்ம போர்டக் காணோம்டி" என்றாள் எடுத்த எடுப்பில்.

"எந்த போர்டுக்கா?"

"அதான், போன்ல எழுதுவமே. மொத்தமா காணோம். நான் ஒரு மாசமா ஊட்ல ஒக்காந்துக்கினு கீறேன். சஸ்பெண்டு."

கேக் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அவள் சொன்னது இது. நாலாம் நம்பர் பிரஸ்ஸில் கோபால் என்கிறவரின் கை மாட்டி, இரண்டு விரல் நசுங்கிவிட்டது. மெஷினுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை உள்ளே போனால் மெஷின் தானாக நின்றுவிடும். அதை அங்கே 'கர்ட்டன்' என்பார்கள். அன்று காலையிலேயே அந்தக் கர்ட்டன் வேலை செய்யவில்லை. ஸ்டெல்லாக்கா மெஷினை நிறுத்தி, ஷிஃப்ட் முடியும்போது போர்டில் எழுதிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். பி ஷிஃப்ட் மெஷினை ஓட்டியிருக்கிறது.

"எய்திட்டுதான்டி போனேன். நாலாம் நம்பர் ஓட்டாதீங்கன்னு எய்தினேன். இப்போ பி ஷிஃப்ட்காரர், அப்டி ஒண்ணுமே இல்லன்றாரு. சரி, போர்டக் காட்டுங்கன்னு கேட்டா, போர்டே இல்ல. கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல கேட்டேன். நீ அதுக்கு பொறுப்பாளர் கெடையாது, ஒனக்கு பதில் சொல்ல முடியாதுன்னு எய்தி அனுப்பிட்டாங்க. திங்கக்கெழம என்கொயரி. பத்தொம்போது வருசம்டி. ஒரு நாளு லேட்டா போனவளா நானு?"

"எப்போலேர்ந்து காணோம்?"

"கோபாலுக்கு அடிபட்ட மூணாம் நாளுலேர்ந்து. எவனோ வேணும்னே அழிச்சிட்டான். நீ அங்க பெரிய எடத்துல கீற. யாரு அழிச்சான்னு மட்டும் கண்டுபுடி."

"பார்க்கிறேன்க்கா" என்றேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொறுப்பாளர் அல்லாதவருக்குப் பதில் இல்லை என்ற அந்த வாசகம், பத்து மொழிகளில் போகிற மாதிரி நான் எழுதி வைத்தது. அதைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, யார் அழித்தார்கள் என்று. கைத்தட்டல் முடிந்து எல்லோரும் இரண்டாவது துண்டு கேக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறினேன்.

4

அன்று மாலையே கம்பெனியின் குப்பைத்தொட்டிப் பட்டியலைத் திறந்தேன். கும்மிடிப்பூண்டி வரிசையில் அந்தத் தேதியில் ஒரே ஓர் அறை. பெயர் வெறும் எழுத்தும் எண்ணும். பழைய பெயர்களை எல்லாம் எண்ணாக மாற்றியதும் நான்தானே, பார்த்தால் எப்படித் தெரியும்? 'பிரஸ் போர்டு' என்று இருந்திருந்தால் என் கை நின்றிருக்கும். பொறுப்பாளர் பெயர் ஏழுமலை. எங்கள் பழைய சூப்பர்வைசர், சில மாதம் முன்பு ஓய்வு பெற்றுப் பொதட்டூர்பேட்டையில் விவசாயம் பார்க்கிறார். கம்பெனி மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது அவருடைய மூடிய பெட்டியில். தொட்டி காலியாக இன்னும் மூன்று நாள். வெள்ளிக்கிழமை போய்விடும்.

ஒன்றுதான் புரியவில்லை. தினம் மூன்று ஷிஃப்ட் எழுதுகிற இடம் எப்படி நூற்று எண்பது நாள் சும்மா கிடந்ததாகக் கணக்கு வரும்?

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பஞ்சாயத்து. என் மகள் நிலா, பதினாலு வயது, எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். தினம் காலையில் ரோஜாப்பூ படமும் வணக்கமும் போடுகிறவர் என் அப்பா. நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருவள்ளூரிலிருந்து அவர் போன்.

"இன்னாம்மா, பாப்பா குரூப்ப உட்டுப் போயிட்சாம்? கோவமா? நான் எதுனா தப்பா போட்டேனா?"

"இல்ல நைனா, போன்ல ஏதோ கோளாறு" என்று சமாளித்தேன்.

நிலாவிடம் சத்தம் போட்டேன். "வருஷக்கணக்கா அந்தக் குழுவுல ஒரு வார்த்தை எழுதினது இல்ல. இருந்தும் இல்லாத மாதிரிதானே இருந்த. இப்போ வெளிய வேற போகணுமா?"

அவள் தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்து வைப்பாள், படியில் பார்த்து இறங்குகிற மாதிரி. "நான் எல்லாம் படிச்சேன் அம்மா. தினமும். தாத்தாவோட பூ எல்லாம். எழுதலை, அவ்வளவுதான். எழுதலைன்னா நான் இல்லையா?"

தட்டு கழுவப் போனேன்.

நைனா ஓய்வு பெற்ற எழுத்தர். வருடத்துக்கு ஒரு தடவை திருவள்ளூர் கருவூலத்துக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, முந்தின நாளே ஷேவிங், ஏதோ பெண் பார்க்கப் போகிற மாதிரி கிளம்புவார். ஒரு வருடம் இடுப்பு பிடித்துப் படுத்துக் கிடந்தபோது ஓர் ஊழியர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனாராம். "ஊட்டாண்ட வந்து, பேர் சொல்லிக் கூப்ட்டு, இருக்கேனான்னு பாத்துட்டு, காபி குட்சிட்டுப் போனாரு" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே எனக்கும் அதே கதைதான். முதல் சில வருடங்கள் விசா அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நின்று, இன்னும் வேலையில் இருக்கிறேன், இன்னும் அதே வீட்டில் இருக்கிறேன், இன்னும் இந்த நாட்டுக்குத் தேவைப்படுகிறேன் என்று காகிதம் காட்டினேன். ஒரு தடவை அவசரத்தில் அந்த அதிகாரியை ஜெர்மன் மொழியில் 'நீ' என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, 'நீங்கள்' என்று சொல்லிக் கொடுத்தார். காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. எதற்குச் சொல்கிறேன் என்றால், பதில் சொல்லாவிட்டால் ஆளே இல்லை என்று நினைக்கிற வரிசையில் நானும் நின்றவள்தான். அப்புறம் நானே அப்படி ஒரு விதியும் எழுதினேன்.

5

அறையை மீட்க ஒரு படிவம் உண்டு. அதுவும் என் கைவேலை. கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம், அதில் இரண்டே தேர்வு: பயனரின் தவறு, நிர்வாகத்தின் தவறு. பத்து வருடத்தில் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. இந்தத் தடவையும் யோசிக்காமல் பழக்கத்தில் முதலாவதை அமுக்கிவிட்டேன். உல்ரிகே கையெழுத்துப் போட வேண்டும், தகவல் பாதுகாப்புக்காரர் ஒருவரும் போட வேண்டும். அவர் புதன்கிழமை விடுமுறை. வியாழன் மதியம்தான் அறை திரும்பி வந்தது. அந்த ஒன்றரை நாளில் நான் எத்தனை தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பேன் என்று சொன்னால் வெட்கம்.

திறந்தால் உள்ளே ஒரே ஒரு செய்தி இருந்தது.

இத்தனை வருடத்துக்கு ஒரே செய்தியா? அப்புறம்தான் அதன் ஓரத்தில் 'திருத்தப்பட்டது' என்ற சின்ன எழுத்தைப் பார்த்தேன். அமுக்கினால் பழைய வடிவங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொரு ஷிஃப்டும் புதிதாக எழுதவில்லை. அதே செய்தியைத் திறந்து, இருந்ததை அழித்துவிட்டு, தன்னுடையதை எழுதியிருக்கிறது. கரும்பலகையில் செய்தது மாதிரியே. தினம் மூன்று தடவை, ஒரு ஷிஃப்ட் தவறாமல். புதிய செய்தியை மட்டும் உயிராக எண்ணும் என் விதிக்கு, அது செத்த அறை. ஏழுமலை ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு தடவையும் 'ஆம்' என்று அமுக்கி அதைக் காப்பாற்றியிருக்கிறார்.

கீழே கீழே போய்ப் படித்தேன். "ரெண்டு பேர் லீவு. ஆறாம் நம்பர்ல எண்ணெய் ஒழுகுது, சட்டி வெச்சிருக்கு, ரொம்பிட்டா கொட்டுங்க." "கேன்டீன்ல இன்னிக்கு நாஷ்டா பொங்கல், சீக்கிரம் போனாதான் கெடைக்கும்." "முனியம்மா பொண்ணுக்கு நிச்சயம். சாக்லேட் டிராயர்ல இருக்கு, சி ஷிஃப்டுக்கும் வெக்கணும்." இத்தனை உயிரோடு ஓர் இடத்தை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. அதைத்தான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

அந்த நாளைக் கண்டுபிடித்தேன். கணினி எனக்கு ஜெர்மன் நேரத்தைக் காட்டும், மூன்றரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே மதியம் ஒன்று நாற்பத்தாறு: "நாலாம் நம்பர் பிரஸ் கர்ட்டன் ஒர்க் ஆகல. மெயின்டனன்ஸ்ல சொல்லியாச்சு. யாரும் ஓட்டாதீங்க." இரண்டு பதினொன்றுக்கு அது அழிக்கப்பட்டு, "பி ஷிஃப்ட் 11 பேர். டிஸ்பாட்ச் அர்ஜென்ட்."

அழித்தால் படித்தாயிற்று என்று அர்த்தம். பி ஷிஃப்ட்காரர் படித்திருக்கிறார். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பக்கத்து மேஜைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

அந்த சந்தோஷத்தில் அறையின் முகப்பையும் திறந்தேன். இந்த அறை எதற்கு என்று திறந்தவர் எழுதி வைக்கிற சின்ன இடம் அது. அதில் இப்படி இருந்தது: "இது நம்ம போர்டு. புதுசா மெசேஜ் போட வேணாம், கொழப்பமாயிடும். பழைய போர்டு மாதிரியே, படிச்சிட்டு அழிச்சிட்டு அதுலயே எழுதுங்க. பானு."

நான் எழுதியது. விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம். அவர்கள் என் சொல்லை ஓர் எழுத்து மீறவில்லை. சொன்னபடி நடந்ததற்காகத்தான் அவர்களை நான் அழித்திருக்கிறேன், மேலே 'பயனரின் தவறு' என்று முத்திரையும் குத்தியிருக்கிறேன். திங்கட்கிழமை விசாரணையில் அந்தப் படிவம்தான் முதலில் போய் உட்காரும்.

உல்ரிகேயிடம் போனேன். படிவத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"அறை கிடைத்துவிட்டதே. காரணம் எதுவாக இருந்தால் என்ன?" என்றார்.

"எனக்கு முக்கியம்."

"நிர்வாகத்தின் தவறு என்று போட்டால், இதுவரை நீக்கிய எல்லாவற்றையும் கேள்வி கேட்பார்கள் பானு. உன் விதியைத்தான் கேட்பார்கள்."

"கேட்கட்டும்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். நான் ஆலைக்கு ஒரு கடிதமும் எழுதினேன்: அழித்து எழுதச் சொன்னது நான், அந்த அறையை நீக்கிய விதியும் என்னுடையது, இரண்டிலும் தொழிலாளர்கள் மேல் தவறில்லை. கீழே முழுப் பெயர்.

6

ஸ்டெல்லாக்காவுக்கு வியாழன் மாலையே போன் செய்தேன். முதலில் நல்ல செய்தி. எழுதினது இருக்கிறது, நேரத்தோடு இருக்கிறது, ஆலைக்கு அனுப்பியாயிற்று. அந்தப் பக்கம் அழுதாள். "ஏசப்பா" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாருடி அழிச்சது? அத்தச் சொல்லு" என்றாள்.

"நான்தான்க்கா."

"வெளாடாத."

"வேணும்னு செய்யல. ஆறு மாசம் புதுசா எழுதாத அறையெல்லாம் போகணும்னு நான்தான் விதி போட்டேன். உங்க போர்டு அதுல மாட்டிக்கிச்சு."

ஒரு லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் போன் பண்ணன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்க்கா" என்றேன்.

"ரெண்டு நாளு. ரெண்டு நாளு ஒனக்குத் தெரியும். நான் இங்க யாரு யாரையோ நெனச்சிக்கினு, கம்ப்யூட்டர் செக்‌ஷன்காரன சாபம் உட்டுக்கினு கீறேன். எங்க ஊட்டுக்காரரு தெருவுல தல காட்ட மாட்றாரு. நீ பாக்கறேன்க்கான்னு சொல்லிட்டு வெச்சிட்ட. அழிச்சதுகூட சரிடி, மிசினு மாதிரி ஒண்ணு. அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"பயமா? என்னக் கண்டா?" என்றாள். வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை விசாரணையில் பி ஷிஃப்ட்காரர் ஒப்புக்கொண்டார். படித்தேன், அழித்தேன், லாரி வாசலில் நின்றது, கொஞ்ச நேரம்தானே என்று ஓட்டச் சொன்னேன் என்றாராம். ஸ்டெல்லாக்கா மறுநாளே வேலையில் சேர்ந்தாள். கோபாலுக்கு ஒரு விரல் பிழைத்தது, இன்னொன்று நுனி போயிற்று. இதெல்லாம் எனக்கு ஆலைக்காரர்கள் எழுதிய கடிதத்தில் தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். நான் வாரம் ஒரு செய்தி அனுப்புவேன். இங்கே பனி பெய்கிறது என்பேன். எலுமிச்சை சாதம் கிளறினேன் என்பேன். இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினேன், அதற்கும் நீல டிக் மட்டும்தான்.

7

விதியை மாற்றினேன். மாற்ற நான்கு கூட்டம் நடந்தது, உல்ரிகே சொன்னபடியே எல்லோரும் என்னைக் குடைந்தார்கள். இப்போது திருத்தினாலும் உயிர், திறந்து படித்தாலும் உயிர். பழைய பெயர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் திரும்ப ஏறிவிட்டன. மிகவும் சண்டை போட்டு வாங்கிய ஒரு வரி உண்டு: எழுத்தே இல்லாவிட்டாலும் சரி, தேவையா என்ற கேள்விக்குப் பொறுப்பாளர் பதில் சொல்லாவிட்டால், எந்த அறையையும் நீக்குவதற்கு முன் ஒரு மனிதர் இன்னொரு மனிதரைத் தொலைபேசியில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரு கூட்டத்தில், இது ரொம்ப நேரம் பிடிக்குமே என்றார் ஒருவர். என் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கே ஆள் வந்தார் என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பிரஸ் போர்டுக்கும் பொறுப்பாளர் வேண்டும், பொறுப்பாளருக்குக் கம்பெனி மின்னஞ்சல் வேண்டும். ஆலையே ஸ்டெல்லாக்காவின் பெயரைக் கொடுத்தது. பத்தொன்பது வருடத்தில் அவளுக்கு முதல் மின்னஞ்சல் முகவரி.

நிலா குடும்பக் குழுவுக்குத் திரும்பவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவுக்கு அவளே போன் செய்கிறாள், என்னை அறைக்குள் விடாமல். இருவரும் என்ன மொழியில் பேசிக்கொள்கிறார்களோ தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

விதி மாறியதால், ஜனவரியில் ஒரு தடவை உயிருள்ள அறைகளுக்கும் சேர்த்து எல்லா ஆலைக்கும் அந்தத் தானியங்கிக் கேள்வி போனது. "இந்த அறை இன்னும் தேவையா? ஆம், இல்லை." பெரும்பாலோர் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறவர்கள் யாரும் இல்லை, அப்படி யாராவது எழுதினால் அது என் பெட்டிக்கு வரட்டும் என்று வைத்திருந்தேன். ஒரு காலை, ஒரே ஒரு பதில் வந்து கிடந்தது.

"இது இன்னா கேள்வி. மூணு ஷிஃப்டும் ஓடிக்கினு கீது. நாலாம் நம்பர்ல புது கர்ட்டன் போட்டாச்சு, நானே கைய நீட்டி பாத்தேன், நிக்குது. கோபால் ஸ்டோர்ஸ்ல கீறான். நீ வாராவாரம் அனுப்பறதெல்லாம் படிச்சிக்கினுதான் கீறேன். எலுமிச்ச சோத்த உடவே மாட்டியா. இத்தப் படிச்சிட்டு அழிச்சிடு. ஸ்டெல்லா."

இரண்டு தடவை படித்தேன். அழிக்கவில்லை.

ஆனால் அவள் பொத்தானை அமுக்கவில்லை. கணினி கணக்கில் அந்த அறைக்கு இன்னும் பதில் வரவில்லை, கெடு நாள் ஓடிக்கொண்டிருந்தது. விதிப்படி ஒரு மனிதர் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இங்கே காலை ஒன்பதே முக்கால், குளிர்காலத்தில் நாலரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஏ ஷிஃப்ட் முடிந்து, போர்டு எழுதியாகி, பஸ் கிளம்ப இன்னும் கால் மணி இருக்கும். அவள் எண்ணை அமுக்கினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லு பானு" என்றாள். "பஸ்ல எடம் புடிச்சிட்டேன். பக்கத்து சீட்டு காலியாதான் கீது. பேசு."